அடிக்கடி எரியும் மின் உருகி

பொழுதுபட்டபின் வெங்காயம் கட்டும் வேளையிலோ, மாரி இருட்டில் மாட்டுக் கொட்டிலுக்குப் போகும் வேளையிலோ வீட்டு விளக்குகள் யாவும் ஒருங்கே அணைந்து போவதைக் கமக்காரர் பலர் அறிவர். பியூஸ் கம்பியை மாற்றியதும் விளக்கு எரியும். மறுநாள் மீண்டும் அணையும். மூன்றாம் முறை பொறுமையிழந்து, தடித்த செப்புக் கம்பியொன்றை முறுக்கி வைத்துவிடுவர். அதன்பின் உருகி எரிவதில்லை. பழுதோ இருந்த இடத்திலேயே இருக்கும்.

உருகி என்பது மின்சுற்றில் வேண்டுமென்றே வைக்கப்பட்ட மெலிந்த கம்பி. அளவுக்கு மிஞ்சிய மின்னோட்டம் பாயுமிடத்து, ஏனைய வயர்கள் சூடேறுமுன் அது உருகி ஓட்டத்தை நிறுத்துகின்றது. அதனைத் தடிப்பாக்கினால் அடுத்த மெலிந்த இடம் கூரைக்குள் செல்லும் வயரேயாகும். பனங்கைமரத்தின்மேல், கிடுகின்கீழ் அது சூடேறுவதை எவரும் காணார்.

பாரமா, பழுதா?

விளக்குச் சுற்றுக்கு வழக்கமாக 5 அம்பியர் உருகியே போடப்படும். அதற்குரிய செப்புக் கம்பியின் விட்டம் 0.2 மில்லிமீற்றர். மின்னழுத்தம் 230 உவோற்று ஆகையால் ஏறத்தாழ 1,150 உவாற்று வரை பெறலாம். இக்காலத்து எல்.ஈ.டி. மின்குமிழ் ஒன்று 9 உவாற்று அளவே கொள்ளும். பத்துக் குமிழ்கள் எரிந்தாலும் அரை அம்பியர் ஆகாது. எனவே விளக்குகள் கூடியதால் உருகி எரிந்தது என்பது பொருந்தாது. வேறேதோ ஒரு கருவி அச்சுற்றில் பூட்டப்பட்டிருத்தல் வேண்டும். அல்லது உயிர்க்கம்பியும் நொதுமற்கம்பியும் எங்கேனும் தொடுதல் வேண்டும்.

முன்னையதை நம் வளவுகளில் முதலிற் கிணற்றடியிலேயே தேடுக. அங்குள்ள விளக்குக்கு இழுத்த வயரிலேயே நீரிறைக்கும் மோட்டரையும் பூட்டிவிடுவோர் உளர். ஒரு குதிரைவலு மோட்டர் ஓடும்போதே 5 அம்பியரை அண்மிக்கும். புறப்படும் கணத்தில் அதன் பன்மடங்கை இழுக்கும். மோட்டருக்குத் தனிச்சுற்று வேண்டும். வேறு பரிகாரம் இல்லை.

எரிந்த உருகியும் ஓரளவு விடை சொல்லும். பீங்கான் சுத்தமாயிருந்து கம்பி நடுவில் மாத்திரம் உருகியிருந்தால் பெரும்பாலும் மிகைப்பாரம். பீங்கான் கறுத்து உலோகத் துளிகள் தெறித்திருந்தால் குறுஞ்சுற்று.

இடத்தைக் காணும் முறை

பிரதான ஆளியை நிறுத்துக. விளக்கு ஆளிகள் யாவற்றையும் அணைத்து, செருகியவற்றைக் கழற்றி, உரிய கம்பியை இட்டபின் பிரதான ஆளியைப் போடுக. அப்பொழுதே உருகி எரிந்தால் பழுது பொதுவான வயரில் உள்ளது. அது மின்வினைஞர் பார்க்க வேண்டியது. எரியாவிடின் ஆளிகளை ஒவ்வொன்றாகப் போட்டு வருக. எந்த ஆளியைப் போட்டதும் எரிகின்றதோ அதற்கு அப்பாலேயே பழுது உண்டு. பிரதான ஆளியை மீண்டும் நிறுத்தி, அவ்விளக்கின் குமிழைக் கழற்றிவிட்டுச் சோதித்தால் குற்றம் குமிழிலா, தாங்கியிலும் வயரிலுமா என்பது தெரியும். ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு கம்பி செலவாகலாம். அது மலிவான செலவே.

மழைநாளில் மாத்திரம் எரியுமாயின் வெளி விளக்குகளை முதலிற் பார்க்க. கடலோரக் கிராமங்களிலும் தீவுகளிலும் உப்புக்காற்றால் தாங்கிகளிற் பச்சைக் களிம்பு படியும். ஈரம் சேர்ந்தால் அதன்வழி மின் கசியும். கூரைக்குள் எலி கடித்த வயரும், ஆளிப் பெட்டிக்குள் எறும்பும் பல்லியும் அடுத்தவை.

பழைய வீடுகளைப்பற்றித் தனியே சொல்லவேண்டும். 1990 ஆம் ஆண்டு தொடக்கம் குடாநாடு நெடுங்காலம் தேசிய மின்வலையின்றி இருந்தது. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபின் பல வீடுகள் கூரையிழந்து மழையில் நனைந்தன. அவ்வாறான வீடுகளிற் பழைய வயரையே விட்டு, புதிய விளக்குகளை மட்டும் பூட்டியிருந்தால், தொட்டதும் உதிரும் உறையையுடைய வயரை இன்றும் காணலாம். அங்கு உருகியை மாற்றிப் பயனில்லை. வயரையே மாற்றுதல் வேண்டும்.

மின்மானிக்கு முன்னால் முத்திரையிட்ட உருகியை எவரும் தொடலாகாது; மின்சார அலுவலகத்துக்கு அறிவிக்க. மேலும், 5 அம்பியர் உருகி ஆளைக் காக்காது. வெறுங்காலுடன் ஈரத்தில் நிற்பவரைக் கொல்ல அதன் நூறில் ஒரு பங்கு மின்னோட்டமே போதும். அதற்குரியது 30 மில்லி அம்பியர் கசிவில் விழும் ட்ரிப் சுவிச். உருகி எரியாமல் அது மாத்திரம் விழுந்தால் மின் புவிக்குக் கசிகின்றது என அறிக. அதன் சோதனைப் பொத்தானை மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் அமர்த்திப் பார்த்தல் வேண்டும். விழாவிடின் உடனே மாற்றுவிக்க.