காற்றுத் துப்பாக்கி: கைபடலாமா, கூடாதா?

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் ஜொகூர் தோட்டங்களிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் பாலம் கடந்து சிங்கப்பூர் உறவினர் வீடுகளுக்குப் போய் வருகின்றன. பிடோக் அடுக்குமாடி வீட்டில் இருக்கும் மாமன் மகன், பள்ளியில் காற்றுத் துப்பாக்கி சுடப் பழகுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கேட்டுவிட்டுத் திரும்பும் நம் வீட்டுப் பையன், "எனக்கும் ஒன்று வேண்டும் அப்பா" என்று பிடிவாதம் பிடிப்பான். வேறு சிலருக்குத் தமிழகத்துச் சொந்த ஊரில், பாட்டன் வீட்டுப் பரணில், பழைய துப்பாக்கி ஒன்று துருவேறிக் கிடக்கும். அதைச் சீர்செய்து இங்கே கொண்டுவரலாமா என்ற ஆசை எழும்.

பெற்றோர்களே, ஆசைக்கு முன்னால் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். சிங்கப்பூரில் காவல்துறையின் உரிமம் இல்லாமல் காற்றுத் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். விளையாட்டுச் சாமானைப் போலத் தோன்றும் 'ஏர்சாஃப்ட்' துப்பாக்கிக்கும் அங்கே இடமில்லை. மலேசியாவிலோ, 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் காற்றுத் துப்பாக்கியையும் ஆயுதம் என்றே கணக்கில் எடுத்துக்கொள்கிறது. இந்தியாவில் மட்டும், 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, 4.5 மில்லிமீட்டர் துளையும் 20 ஜூலுக்கு மேற்படாத சக்தியும் உடையதற்கு உரிமம் தேவையில்லை. அங்கே கடையில் வாங்கக் கிடைக்கிறதே என்று பெட்டியில் வைத்து உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடிக்கோ சாங்கி விமான நிலையத்துக்கோ கொண்டுவந்தால், விடுமுறை காவல் நிலையத்தில் முடியும்.

ஆகவே, கீழே சொல்லப்படும் பராமரிப்பு முறைகள் ஊரில் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கும் உறவினருக்கும், உரிமம் பெற்ற சங்கத்தில் பழகுவோருக்குமே உரியவை. நம் வீட்டுப் பிள்ளைகளுக்கோ, அது எப்படி வேலை செய்கிறது என்ற அறிவே போதுமானது.

விலை மலிந்த துப்பாக்கிகள் பெரும்பாலும் சுருள்வில்லால் இயங்குபவை. குழலைக் கீழே மடக்கும்போது உள்ளேயிருக்கும் ஸ்பிரிங் அமுங்கி, பிஸ்டன் பின்னே சென்று கொக்கியில் மாட்டிக்கொள்கிறது. விசையை இழுத்தால் கொக்கி விடுபட்டு, பிஸ்டன் முன்னே பாய்ந்து காற்றை நெருக்குகிறது. அந்தக் காற்று சிறு துவாரம் வழியாகச் சீறி ஈயக் குண்டைத் தள்ளுகிறது. சைக்கிள் பம்ப்பை வாய் அடைத்து வேகமாக அழுத்திப் பார்த்திருப்பீர்கள், அதே தத்துவந்தான். பம்ப்பில் தோல் வாசர் காய்ந்தால் காற்று நிற்காததுபோல, துப்பாக்கியிலும் பிஸ்டன் வாசர் கெட்டால் வேகம் குறைந்துவிடும்.

பழைய துப்பாக்கியில் தோல் வாசராக இருந்தால், அதற்கென்றே விற்கும் எண்ணெயில் ஓரிரு துளி போதும். தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய், தையல் இயந்திர எண்ணெய் எதையும் காற்றுத் துவாரத்தில் ஊற்றாதீர்கள். நெருக்கப்பட்ட காற்று மிகவும் சூடாவதால் எண்ணெய் ஆவி பற்றிக்கொண்டு, டீசல் எந்திரம் போல உள்ளேயே வெடிக்கும். வாசரும் ஸ்பிரிங்கும் பாழாகும்.

வேகம் குறைந்தால் உடனே ஸ்பிரிங்கைக் குறை சொல்ல வேண்டாம். குழல் மடங்கும் மூட்டில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். முறையான இலக்குக்கு நேராகக் குண்டு போட்டுச் சுடும்போது, அந்த மூட்டின்மேல் மெல்லிய தாள் துண்டு ஒன்றை வையுங்கள். தாள் பறந்தால் காற்று அங்கேதான் கசிகிறது. வளையத்தை மாற்றினால் சரியாகிவிடும்.

இந்தத் துப்பாக்கி ஒவ்வொரு முறை சுடும்போதும் பின்னும் முன்னும் அதிரும். அந்த அதிர்ச்சியில் கட்டையைப் பிணைக்கும் திருகாணிகளும் குறிமுள்ளின் திருகாணிகளும் தளரும். "குறி தப்புகிறது" என்று புலம்புபவர்களில் பலருக்கு வேண்டியது ஒரு திருப்புளி மட்டுமே. கட்டையை இறுக்கிப் பிடிப்பதும் தவறு. முன்பகுதியை விரித்த உள்ளங்கையில் இலேசாகத் தாங்கி, ஒவ்வொரு முறையும் அதே விதமாகப் பிடித்தால் குண்டுகள் ஒரே இடத்தில் விழும்.

இனிச் செய்யக்கூடாதவை. குண்டில்லாமல் வெறும் துப்பாக்கியைச் சுடாதீர்கள். தடுக்கும் காற்று மெத்தை இல்லாததால் பிஸ்டன் முட்டி மோதி உடையும். மடக்கி வைத்தபடி மணிக்கணக்கில் விடாதீர்கள், ஸ்பிரிங் சோர்ந்துவிடும். குண்டு போடும்போது மறு கையால் குழலை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். கொக்கி வழுக்கினால் குழல் திரும்பி அடித்து விரல் முறியும். எல்லாவற்றிற்கும் மேலாக, பின்மூடியைக் கழற்றி ஸ்பிரிங்கை எடுக்க வீட்டில் முயலாதீர்கள். அமுங்கியிருக்கும் ஸ்பிரிங் முகத்தில் பாயும். அதை அடக்கிப் பிடிக்கத் தனிச் சாதனம் உண்டு. அது தெரிந்தவர் வேலை.

"இன்னும் பலமான ஸ்பிரிங் போடலாமே" என்று இளைஞர்கள் கேட்பார்கள். பலம் கூடினால் அதிர்ச்சியும் கூடும், குறி கெடும். 20 ஜூலைத் தாண்டினால் இந்தியாவிலும் உரிமம் கேட்கும் ஆயுதமாகிவிடும்.

சிறிய குண்டுதானே என்று எண்ணக்கூடாது. ஒரு கண்ணைப் பறிக்க அது போதும். கல்லில் பட்டுத் திரும்பி வரும் குண்டுக்கும் அந்தப் பலம் உண்டு. கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம் செய்து என்ன பயன்? ஈயம் நஞ்சு என்பதையும் மறவாதீர்கள். குண்டைத் தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவாமல் சாப்பிடக்கூடாது. பறவைகளைக் குறிபார்ப்பதும் வேண்டாம். மயில், மைனா போன்றவற்றை இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காக்கிறது. பறவைகள் குறைவதைக் கண்ட அருணாச்சலப் பிரதேசத்தில், 2021இல் மக்கள் தாமே காற்றுத் துப்பாக்கிகளை அரசிடம் ஒப்படைக்கும் இயக்கம் தொடங்கிற்று.

அப்படியானால் பையனின் ஆசை? அதை அடித்து விரட்ட வேண்டாம்; முறையான இடத்துக்குத் திருப்பிவிடுங்கள். பத்து மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டி 1984 முதல் ஒலிம்பிக்கில் இருக்கிறது. அதில் பத்துப் புள்ளி தரும் நடுப்பொட்டின் குறுக்களவு வெறும் அரை மில்லிமீட்டர். அபினவ் பிந்த்ரா 2008இல் பெய்ஜிங்கில் இதில்தான் தங்கம் வென்றார். தனிநபர் பிரிவில் இந்தியாவின் முதல் ஒலிம்பிக் தங்கம் அது. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019இல் உலகக் கோப்பைத் தங்கம் வென்றார். சிங்கப்பூரின் ஜாஸ்மின் செர் 2010இலும் மார்ட்டினா வெலோசோ 2018இலும் காமன்வெல்த் போட்டியில் இதே விளையாட்டில் தங்கம் வாங்கினார்கள். பயிற்சியாளரின் கண்முன்னே, மூச்சை அடக்கி, உடலை அசையாமல் நிறுத்திப் பழகிய பழக்கமே அவர்களை உயர்த்தியது.

பிடோக்கில் இருக்கும் உங்கள் மருமகனைக் கேட்டுப் பாருங்கள். பயிற்சி முடிந்ததும் துப்பாக்கி பூட்டிய அறைக்குப் போய்விடும். வீட்டுக்கு அவன் கொண்டுவருவது ஓட்டை விழுந்த இலக்குத் தாளை மட்டுமே. நம் பையனுக்கும் முதலில் அந்தத் தாளைக் காட்டுங்கள்.