சிவன்மலை: எஞ்சி நிற்கும் கல்

திருப்பூரிலிருந்து காங்கயம் செல்லும் சாலையை ஒட்டி, வறண்ட சமவெளியில் தனித்து நிற்கிறது சிவன்மலை. முருகன் கோயிலால் ஊரறிந்த இக்குன்றை நிலவியலாரும் நூறாண்டுகளுக்கு மேலாக அறிவர். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் தாமஸ் ஹாலந்து இதன் பாறைகளை ஆராய்ந்து 1901இல் விரிவான ஆய்வுரை வெளியிட்டார்.

ஏறத்தாழ 60 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமியின் ஆழத்தில் ஊடுருவிய பாறைக்குழம்பு, வெளியே வழியாமல் உள்ளேயே மெல்லக் குளிர்ந்து இறுகியது. அதில் சோடியமும் அலுமினியமும் மிகுதி; சிலிக்கா குறைவு. ஆகவே கிரானைட்டில் காணப்படும் குவார்ட்ஸ் இங்கு உருவாகவில்லை. நெஃபிலின் என்னும் கனிமமே உருவாயிற்று. சிலிக்காவுடன் சேர இயலாது எஞ்சிய அலுமினியம், சில பாறைகளில் ஆக்சிஜனுடன் கூடிக் குருந்தமாகப் படிகமாயிற்று.

வைரத்திற்கு அடுத்த கடினமுடையது குருந்தம். ஆங்கிலத்தில் வழங்கும் 'கொரண்டம்' இத்தமிழ்ச் சொல்லின் வழிவந்ததே. அல்பிரூனி தம் 'அல்ஜமாஹிர்' நூலில் விரித்துரைக்கும் யாகூத்தும் இதே கனிமம்தான். சிறிதளவு குரோமியம் கலந்தால் சிவந்த மாணிக்கம். இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலம். சிவன்மலைக் குருந்தமோ பெரும்பாலும் ஒளிபுகாதது, சாணைக்கு உதவுவது.

ஆழத்தில் இறுகிய பாறை குன்றானது எங்ஙனம்? இப்னு சீனா (கி.பி. 980–1037) 'அஷ்ஷிஃபா'வில் மலைகள் தோன்ற இரு காரணங்கள் கூறுகிறார். ஒன்று, நிலநடுக்கம் போன்ற விசையால் தரை உயர்தல். மற்றொன்று, நீரும் காற்றும் மென்மையான பகுதிகளை அரித்தகற்ற, வன்மையானவை எஞ்சி நிற்றல். சிவன்மலைக்கு இவ்விரண்டாவது காரணம் பெரிதும் பொருந்துகிறது. மேலே மூடியிருந்த பாறைகள் கோடிக்கணக்கான ஆண்டுகளில் அரிக்கப்பட்டன, சுற்றுப்புறம் தாழ்ந்தது, இது நின்றது.

இன்றைய நிலவியல் முழுவதையும் அவரே சொல்லிவிட்டார் என நம்மவர் சிலர் பெருமை பேசுவதுண்டு. அது சரியன்று. பாறைக்குழம்பின் வேதியியலையோ பாறையின் வயதையோ அவர் அறிந்திருக்க வழியில்லை. அவருடைய சிறப்பு வேறு. ஜைஹூன் நதிக்கரையில் சிறுவயதில் கண்ட களிமண், ஏறத்தாழ 23 ஆண்டுகளுக்குப்பின் மென்கல்லாகியிருந்ததைக் கண்டு அவர் எழுதிவைத்தார். கண்ணால் கண்டதைச் சான்றாகக் கொண்ட அப்பண்பே நமக்கு உரிய மரபு.

அவருடைய நூலைப் பாடமாக ஓதும் மாணவர், அடுத்தமுறை காங்கயம் சாலையில் பேருந்தில் செல்கையில் அக்குன்றையும் ஒரு பக்கமாக எண்ணிப் பார்ப்பாராக. நூல் முழுமை பெறுவது அங்கேதான்.