கல்லுக்கு நெருப்பு ஆகாது

நகைப் பட்டறைக்குள் நுழைந்ததும் கண்ணில் படுவது நெருப்புதான். தனித்தனியாக அடித்த பொன் துண்டுகளை ஒரு நகையாகச் சேர்க்க, வெண்காரம் தடவி, பொடி வைத்து, ஊதுகுழலால் ஊதுவார் பத்தர். தங்கத்தோடு செம்பையோ வெள்ளியையோ கலந்து, தங்கத்துக்கு முன்பே உருகும்படி செய்த கலவைதான் பொடி. வளையம், கொக்கி, பூவிதழ் எல்லாம் இதனால்தான் பிடித்து நிற்கின்றன. அதே நகையில் மின்னும் கல்லை மட்டும் அந்தத் தீ ஒட்டவைப்பதில்லை. உருகிய உலோகம் கல்லின் மேல் பிடிக்காது. பெரும்பாலான கற்கள் அந்தச் சூட்டைத் தாங்கவும் தாங்கா.

மரகதத்தைப் பாருங்கள். அதற்குள் பிறவியிலேயே நுண்ணிய கீறல்கள் உண்டு. அவற்றை மறைக்க எண்ணெய் ஊட்டுவது வெகுகால வழக்கம். சூடு பட்டால் எண்ணெய் வெளியேறிவிடும், கல்லே விரிசல் விடலாம். ஓப்பலுக்குள் நீர் இருக்கிறது. முத்தும் பவளமும் சுண்ணாம்புச் சத்தால் ஆனவை, தீ பட்டால் பாழ். ஊதா நிற அமெதிஸ்ட் சில நூறு டிகிரி வெப்பத்தில் மஞ்சளாகிவிடும். சிட்ரின் என்று கடைகளில் விற்கும் மஞ்சள் கற்களில் பெரும்பாலானவை அப்படிச் சுட்டெடுத்த அமெதிஸ்ட்தான். வைரம்கூடக் காற்றில் சுமார் 850 டிகிரி செல்சியஸில் எரியத் தொடங்கும். மாணிக்கமும் நீலமும் ஓரளவு தாக்குப்பிடிக்கும், அவ்வளவே.

அதனால் கல் பதிப்பது பெரும்பாலும் ஆறிய பிறகு செய்யும் வேலை. கல்லைச் சுற்றி மெல்லிய சுவர் எழுப்பி, அதன் விளிம்பை உள்நோக்கி மடித்து அழுத்துவது மிகப் பழைய முறை. கல்லின் இடுப்பை நாலைந்து நகங்களால் கவ்வச் செய்வது மற்றொன்று. நியூயார்க்கின் டிஃபனி நிறுவனம் 1886-ல் ஆறு நகங்களின் மேல் வைரத்தைத் தூக்கி நிறுத்திய மோதிரத்தைக் கொண்டுவந்தது. இன்றைய நிச்சயதார்த்த மோதிரங்கள் பலவற்றில் அதன் சாயலைப் பார்க்கலாம். ஜெர்மனியின் நீஸிங் நிறுவனம் 1979-ல் வெளியிட்ட மோதிரத்தில் நகமும் இல்லை, சுவரும் இல்லை. வளையத்தில் ஓர் இடைவெளி விட்டு, உலோகத்தின் இறுக்கத்தாலேயே வைரத்தை இருபுறமும் நெருக்கிப் பிடித்திருக்கிறார்கள்.

இவை எல்லாவற்றிலும் உலோகம் கல்லைப் பிடிக்கிறது, அந்த உலோகத்தை இன்னோர் உலோகத்தோடு இணைத்தது பெரும்பாலும் தீதான். ராஜஸ்தானத்துக் குந்தன் வேலை இதற்கும் ஒரு படி மேலே போகிறது. அங்கே கல்லைச் சுற்றியுள்ள தங்கம் தங்கத்தோடு சேர்வதற்குக்கூடப் பொடி வேண்டாம், ஊதுகுழல் வேண்டாம். விரலின் பலமும் ஓர் இரும்புச் சலாகையும் போதும்.

குந்தன் என்று அங்கே சொல்வது புடம் போட்டுக் கலப்பெல்லாம் நீக்கிய தங்கத்தை. அதை மெல்லிய ரேக்காக அடித்து, நாடா நாடாக நறுக்கிக்கொள்வார்கள். கல்லின் ஓரத்தில் ஒரு நாடாவை வைத்து அழுத்தி, அதன் மேல் அடுத்தது, அதன் மேல் இன்னொன்று. அழுத்த அழுத்த, ரேக்குகள் ஒன்றோடொன்று கலந்து, பிரித்துக் காட்ட முடியாத ஒரே தங்கமாகிவிடுகின்றன. தங்கம் உருக 1,064 டிகிரி வேண்டும் என்பார்கள். இங்கே அது அறைச் சூட்டிலேயே இணைகிறது.

இதில் மந்திரம் எதுவும் இல்லை. சுத்தத் தங்கம் துருப்பிடிக்காது, அதன் மேல் வேற்றுப் படலம் எதுவும் உருவாகாது. சுத்தமான இரண்டு பரப்புகளை நெருக்கி அழுத்தினால், எது எந்தத் துண்டின் அணு என்ற வேறுபாடு அணுக்களுக்குத் தெரியாது, சேர்ந்துவிடும். கொஞ்சம் செம்பு கலந்தால் போதும், மேலே படலம் கட்டிக்கொண்டு ஒட்டாது. தங்கமும் விறைத்துவிடும். அதனால்தான் நகைச் சட்டத்துக்கு 22 காரட் போதுமென்றாலும், கல்லைப் பிடிக்கும் தங்கம் 24 காரட்டாகவே இருந்தாக வேண்டும். அமெரிக்கப் பல் மருத்துவர் ராபர்ட் ஆர்தர் 1855-ல் இதே குணத்தைப் பயன்படுத்தினார். தங்க ரேக்கைப் பல்லின் குழிக்குள் படிப்படியாக வைத்து அழுத்தி, உறுதியான அடைப்பாக்கும் முறையைப் பரப்பினார். வாய்க்குள் நெருப்பு வைக்க முடியாத மருத்துவரும், மரகதத்தின் அருகே நெருப்பு வைக்க முடியாத கைவினைஞரும் ஒரே வழிக்கு வந்து சேர்ந்தது எனக்குத் தீராத வியப்பு.

ஜெய்ப்பூரில் ஒரு குந்தன் நகை ஒருவர் கையில் முடிவதில்லை. வரைபவர் ஒருவர், தங்கத்தில் கூடு கட்டுபவர் ஒருவர், பின்புறத்தில் மீனா வண்ணம் தீட்டிச் சுடுபவர் ஒருவர், கல் பதிக்கும் ஜடியா ஒருவர். வரிசை முக்கியம். சட்டத்தைப் பற்றவைப்பதும் மீனாவைச் சூளையில் சுடுவதும் முதலில் முடிந்துவிட வேண்டும். நெருப்பின் வேலை தீர்ந்த பிறகே கல் உள்ளே வரும்.

ஜடியா முதலில் கூட்டுக்குள் அரக்கை நிரப்புகிறார். அரக்கை இளக்கத் தணல் சூடு போதும். அதன் மேல் பளபளக்கும் தகடு, தகட்டின் மேல் கல். பின்புறம் மூடியிருப்பதால் அடியிலிருந்து வெளிச்சம் வராது. மேலே விழும் ஒளியை அந்தத் தகடுதான் திருப்பி அனுப்புகிறது. பட்டை தீட்டாத தட்டையான போல்கி வைரம்கூடக் குந்தனில் ஒளிர்வதற்கு இதுவே காரணம். வெளிறிய கல்லுக்கு அடியில் நிறத் தகடு வைத்தால் கல்லே அடர்ந்த நிறம் கொண்டதாகத் தோன்றும். பிறகுதான் ரேக்கு. கல் எந்த வடிவில் இருந்தாலும் தங்கம் அதன் ஓரத்தைத் தொடர்ந்து போகும். கூட்டுக்காகக் கல்லைச் செதுக்க வேண்டியதில்லை. விலையுயர்ந்த கல்லின் எடை வீணாகவில்லை என்பதை அரசர்கள் கவனிக்காமலா இருந்திருப்பார்கள்?

அக்பரின் அமைச்சர் அபுல் ஃபஸல் எழுதிய அய்ன்-இ-அக்பரியிலேயே குந்தன் வேலை பற்றிய குறிப்பு உண்டு. முகலாயப் பட்டறைகள் இதைக் கொண்டு செய்த சாதனை ஜேட் கல்லில் தெரிகிறது. ஜேட்டின் மேல் எந்தப் பொடியும் பிடிக்காது. ஆனால் அதில் பள்ளம் செதுக்கி, மாணிக்கத்தை இறக்கி, சுற்றிலும் குந்தன் தங்கத்தை அழுத்தினால் அது பள்ளத்தின் சுவரில் இறுகிக்கொள்ளும். வில்லாளிகளின் கட்டைவிரல் மோதிரங்கள், குத்துவாள் பிடிகள், கிண்ணங்கள் என்று கல்லுக்குள் கல் பதித்தார்கள். குவைத்தின் அல்-சபா சேகரிப்பிலுள்ள இத்தகைய பொருள்கள் 2001-ல் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன.

நம் பக்கத்தில் இதன் உறவுமுறை வேலை நாகர்கோவிலின் வடசேரியில் இருக்கிறது. வெள்ளிக் கூட்டில் அரக்கு நிரப்பி, சிவப்புக் கெம்புக் கல்லை அமர்த்தி, தங்க ரேக்கை அழுத்தி முடிக்கிறார்கள். ஒரு காலத்தில் கோயில் திருமேனிகளுக்காகச் செய்த ராக்கொடியும் மாங்காய் மாலையும் ஒட்டியாணமும் இன்று பரதநாட்டிய மேடைகளில் ஆடுகின்றன. நாகர்கோவில் கோயில் நகைகளுக்குப் புவிசார் குறியீடும் உண்டு.

இத்தனை நுட்பமான நகையை வாங்குகிறவர்தான் விழிப்பாக இருக்க வேண்டும். 2021 ஜூனில் தங்க நகைகளுக்கு ஹால்மார்க் முத்திரை கட்டாயமானபோது குந்தன், போல்கி, ஜடாவ் ஆகிய கல் பதித்த நகைகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. அரக்கும் கல்லும் தங்கமும் ஒன்றாகவே தராசில் ஏறுகின்றன. அடியில் இருக்கும் நிறத் தகடு கண்ணுக்குத் தெரியாது. ஆகவே தங்கத்தின் நிகர எடை, கல்லின் எடை, தங்கத்தின் காரட் மூன்றையும் ரசீதில் தனித்தனியே எழுதி வாங்குங்கள். வெந்நீரில் கழுவாதீர்கள், அரக்கு இளகிவிடும். ஈரம் உள்ளே போனால் தகடு கறுத்துக் கல் மங்கும். கல் ஆடினால், கையில் ஊதுகுழலோடு நிற்கும் பட்டறைக்கு எடுத்துச் செல்லாமல், அரக்கும் ரேக்கும் பழகிய கைவினைஞரைத் தேடிக் கொடுங்கள். அவருக்குரிய கூலியில் பேரம் பேசாதீர்கள்.