வாய் திறந்தால் வகுப்புத் தெரியும்

இங்கிலீஷ் பாஷையை உலகெங்கும் பரப்பிய தேசத்திலேயே, அந்தப் பாஷையைத் தாயிடம் கற்றபடி பேசுவதற்குக் கூசும் ஜனங்கள் இருக்கிறார்கள் என்றால் நம்புவது கடினம். ஆயினும் அதுவே உண்மை. பிரிட்டனில் ஒருவர் வாயைத் திறந்து இரண்டு வார்த்தை பேசிய மாத்திரத்தில், அவர் பிறந்த ஊர் எது, தகப்பனார் செய்த தொழில் எது, படித்த பள்ளிக்கூடம் எத்தகையது என்பவற்றைக் கேட்பவர்கள் ஊகித்துவிடுகிறார்கள். ஊகிப்பதோடு நின்றால் குற்றமில்லை. அவர் அறிவாளியா, நாணயமுள்ளவரா, உத்தியோகத்துக்கு ஏற்றவரா என்றும் அந்த க்ஷணத்திலேயே தீர்ப்புச் செய்துவிடுகிறார்கள். இந்தத் தீர்ப்புக்கு ஆதாரம் என்ன என்பதே நாம் ஆராயவேண்டிய விஷயம்.

மேல்வகுப்பாரின் உச்சரிப்பே ஆதியானது, மற்றவையெல்லாம் அதன் சிதைவுகள் என்று பலர் எண்ணுகிறார்கள். சரித்திரம் இதற்கு இடம் தரவில்லை. நான்கு முறை பிரதம மந்திரியாக இருந்த கிளாட்ஸ்டன் லிவர்பூலில் பிறந்தவர். அவருடைய பேச்சில் அவ்வூர்ச் சாயல் இருந்ததைச் சமகாலத்தவர் கவனித்திருக்கிறார்கள். அது அவர் பதவிக்குத் தடையாகவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் எல்லா ஜில்லாக்களிலிருந்தும் ஒருசில விடுதிப் பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டார்கள். 'பப்ளிக் ஸ்கூல்' என்று பெயர் இருந்தபோதிலும் அவை பொதுஜனங்களுக்கு எட்டாத பள்ளிகள். அங்கே ஊர்ச் சாயல் நீங்கி ஒரே வகையான பேச்சு வேரூன்றிற்று. 1917-ல் டானியல் ஜோன்ஸ் என்ற உச்சரிப்பு நிபுணர் தம் அகராதியில் அதற்குப் 'பப்ளிக் ஸ்கூல் உச்சரிப்பு' என்றே பெயரிட்டார். 1926-ம் வருஷப் பதிப்பில் அது 'ஏற்கப்பட்ட உச்சரிப்பு' என்று பெயர் மாறியது. ஏற்றவர்கள் யார்? யாரைக் கேட்டு ஏற்றார்கள்? சாயல் சற்றுமில்லாமல் அதைப் பேசுவோர் ஜனத்தொகையில் நூற்றுக்கு மூன்று பேரே இருக்கலாம் என்று மொழியறிஞர் பீட்டர் ட்ரட்கில் 1974-ல் மதிப்பிட்டார். மூன்று பேரின் வழக்கம் தொண்ணூற்றேழு பேருக்கு அளவுகோலாயிற்று!

இந்த அளவுகோலை வீடுதோறும் கொண்டு சேர்த்தது ரேடியோ. 1926-ல் பி.பி.ஸி. ஸ்தாபனம் உச்சரிப்பைப் பற்றி யோசனை கூற ஒரு கமிட்டியை நியமித்தது. ஆஸ்தான கவி ராபர்ட் பிரிட்ஜஸ் அதன் தலைவர். அவருக்குப் பின் அந்த ஆசனத்தில் அமர்ந்தவர் பெர்னார்ட் ஷா. பூக்காரி ஒருத்தியின் உச்சரிப்பை மாற்றி அவளைச் சீமாட்டியாகக் காட்டும் 'பிக்மேலியன்' நாடகத்தை எழுதியவரும் இந்த ஷாவே. 1941-ல் யுத்தத்தின் நடுவே, யார்க்ஷையரிலுள்ள ஹாலிபாக்ஸ் நகரத்துக்காரரான வில்பிரட் பிக்கிள்ஸ் தம் ஊர்ச் சாயல் மாறாமல் தேசத்துக்குச் செய்தி வாசித்தார். எதிரி ரேடியோ அந்தக் குரலைப் போலிசெய்வது கடினம் என்பதும் அவரை நியமித்ததற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. ஆனால் நேயர்கள் பலர் ஆட்சேபித்தார்கள். தங்கள் தேசத்தாரில் ஒருவர் தங்கள் பாஷையிலேயே உண்மையான செய்தியைச் சொன்னபோதும் அது அவர்களுக்குச் செய்தியாகத் தோன்றவில்லை போலும்!

ஜனங்களின் இந்த மனோபாவத்தை அளந்து பார்த்தவர்களும் உண்டு. 1970-ல் ஹோவர்ட் கைல்ஸ் என்பவர் ஒரே மனிதரைப் பல சாயல்களில் பேசவைத்துப் பதிவுசெய்து, அவர் ஒருவரே என்று தெரிவிக்காமல் மாணவர்களிடம் மதிப்பெண் கேட்டார். 'ஏற்கப்பட்ட' உச்சரிப்புக்கு முதலிடமும் பர்மிங்ஹாம் பேச்சுக்குக் கடைக்கோடியும் கிடைத்தன. 2004-ல் பி.பி.ஸி. ஆதரவில் ஐயாயிரத்துக்கு மேற்பட்டோரிடம் 34 வகை உச்சரிப்புகளின் பெயர்களைக் கூறி அபிப்பிராயம் கேட்டார்கள். அந்தஸ்து, இனிமை இரண்டிலும் பர்மிங்ஹாமுக்கே கடைசி இடம். ஆசியர் பேசும் இங்கிலீஷும் அடிவரிசையிலேயே வைக்கப்பட்டது. அதன் பின்னர் லண்டன் குயீன் மேரி, யார்க் சர்வகலாசாலை அறிஞர்கள் செய்த ஆராய்ச்சியிலும் அரை நூற்றாண்டுக்கு முந்திய வரிசையே பெரும்பாலும் மாறாதிருக்கக் கண்டார்கள்.

இது வெறும் ரஸனை பற்றிய விஷயம் என்று தள்ளிவிடலாமா? 2002-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியைக் கவனியுங்கள். போலீஸ்காரர் ஒருவர் சந்தேகத்துக்குள்ளான ஒருவனை விசாரிக்கும் பதிவு மாணவர்களுக்குப் போட்டுக் காட்டப்பட்டது. அவன் பர்மிங்ஹாம் சாயலில் பேசக் கேட்டவர்கள், செம்மையான உச்சரிப்பில் பேசக் கேட்டவர்களைக் காட்டிலும், அவன் குற்றவாளி என்று அதிகமாக நம்பினார்கள். சாக்ஷியம் மாறவில்லை, நாக்கு மாறிற்று, நம்பிக்கை மாறிற்று. இத்தகைய செவியோடு ஜூரி ஆசனத்தில் பன்னிருவர் அமர்ந்தால் நியாயத்தின் கதி என்னவாகும்?

"சில ஒலிகள் இயற்கையாகவே காதுக்கு இன்னாதவை; அதற்கு யார் என்ன செய்வது?" என்று கேட்பவர்களுக்கும் விடை கிடைத்திருக்கிறது. கிரேக்க பாஷையில் ஏதென்ஸ் பேச்சு உயர்ந்தது, கிரீட் தீவின் பேச்சு தாழ்ந்தது என்பது கிரேக்கர் கொள்கை. கிரேக்கம் சிறிதும் அறியாத பிரிட்டிஷ் மாணவர்களுக்கு 1974-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில் இரண்டையும் ஒலித்துக் காட்டியபோது, உயர்வு தாழ்வு எதுவும் அவர்களுக்குப் புலப்படவில்லை. இங்கிலீஷிலேயே இன்னொரு சாக்ஷி உண்டு. சொல்லின் இறுதியில் வரும் ரகரத்தை அழுத்திச் சொன்னால் இங்கிலாந்தில் அது மேற்கு ஜில்லாக் குடியானவன் பேச்சு. சொல்லாமல் விட்டால் கனவான் பேச்சு. நியூயார்க்கிலோ, வில்லியம் லபாவ் 1966-ல் காட்டியபடி, அதே ரகரத்தைச் சொல்வதே மேன்மை, விடுவதே தாழ்வு. ஒலி ஒன்றே, கடலைக் கடந்ததும் அதன் ஜாதி மாறிவிடுகிறது! காதில் விழுவது ஒலிதான். இகழப்படுவது அந்த ஒலிக்கு உரியவன் என்று நாம் கருதும் ஆலைத் தொழிலாளியும் உழவனுமே. பர்மிங்ஹாமிலிருந்து முப்பது மைலுக்குள் இருக்கும் ஸ்ட்ராட்போர்டில் பிறந்த ஷேக்ஸ்பியரும் அந்தப் பிரதேசத்துச் சாயலில் பேசியிருக்கக் கூடியவரே என்பதை இகழ்வோர் நினைப்பதில்லை.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். ஊர்ச் சாயலில் பேசுபவர்களை நேர்மையும் நேசமும் உள்ளவர்கள் என்று பலர் கருதுகிறார்கள். ஸ்காட்லாந்துப் பேச்சுக்கு மதிப்பு அதிகம். கைல்ஸ் மற்றொரு பரீட்சையில் மரண தண்டனைக்கு எதிரான ஒரே வாதத்தைப் பல சாயல்களில் கேட்கச் செய்தார். வாதத்தின் தரம் செம்மையான உச்சரிப்பில்தான் சிறந்தது என்றார்கள் மாணவர்கள். ஆனால் அவர்கள் மனத்தை மாற்றியவை ஊர்ச் சாயல்களே. அப்படியிருந்தும் உயர விரும்புபவர்கள் தங்கள் நாவை மாற்றிக்கொண்டார்கள். கிராந்தம் நகரத்து மளிகைக் கடைக்காரரின் புதல்வி மார்கரெட் தாட்சர் பயிற்சியால் தம் குரலையே மாற்றிக்கொண்டவர். 1983-ல் பார்லிமெண்டில் கோபம் மேலிட்டபோது, எதிர்க்கட்சியார் பயந்துவிட்டார்கள் என்பதைக் குறிக்க அவர் வாயில் வந்தது 'பிரிட்' என்ற லிங்கன்ஷையர்ச் சொல்! பிரதம மந்திரியானாலும் தாய்ப்பேச்சு எங்கோ ஒளிந்திருந்தது.

சட்டம் இவர்களுக்குத் துணை நிற்கிறதா? 2010-ம் வருஷத்துச் சமத்துவச் சட்டம் வயது, இனம், மதம் முதலிய ஒன்பது காரணங்களால் பாரபக்ஷம் காட்டுவதைத் தடுக்கிறது. ஊர்ச் சாயல் அந்த ஒன்பதில் இல்லை. ஆயினும் நம்பிக்கைக்கு இடமுண்டு. மேற்கூறிய சர்வகலாசாலை அறிஞர்கள், சட்டத் தொழிலில் அநுபவமுள்ளவர்களிடம் பல சாயல்களில் சொல்லப்பட்ட பேட்டி விடைகளைக் கொடுத்தபோது, அவர்கள் பேச்சின் சாயலைவிட விடையின் தரத்தையே கவனித்தார்கள். மற்றவர்களிடத்திலும், "சாயலைக் கேட்டு ஏமாறாதீர்கள்" என்று முன்கூட்டி எச்சரித்த அளவிலேயே பாரபக்ஷம் குறைந்தது. பெரிய சீர்திருத்தம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஒரு வார்த்தை நினைவூட்டுவதே போதுமாயிருந்தது.

ஏழை வீட்டுப் பிள்ளை உத்தியோகத்துக்குப் போகுமுன் தன் தாயின் பேச்சை வாசலிலேயே கழற்றி வைத்துவிட வேண்டும் என்பது நாகரிகமாகாது. நாவைத் திருத்தச் சொல்லிக் கோடிப் பேரை வருத்துவதைவிட, கேட்கும் செவியைத் திருத்திக்கொள்வதே எளிது; அதுவே நியாயமும் ஆகும்.