மஞ்சள் பூத்த ஹெட்லைட்: டூத்பேஸ்ட் போட்டா போதுமா?

பல்பு புதுசு, பேட்டரியும் நல்லா இருக்கு. ஆனா ராத்திரியில ரோடு மட்டும் மங்கலா தெரியுதா? ஹெட்லைட்டோட லென்ஸை ஒருமுறை பாருங்க.

ஏன் மஞ்சளாகிறது?

பழைய அம்பாசடர் கார்களின் ஹெட்லைட் முகப்பு கண்ணாடியால் ஆனது. இப்போதைய கார்களில் இருப்பது பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக். எடை குறைவு, லேசில் உடையாது. ஆனால், வெயிலின் புற ஊதாக் கதிர்களைத் தாங்காது. அதனால்தான் தொழிற்சாலையிலேயே ஒரு பாதுகாப்புப் பூச்சு கொடுக்கிறார்கள். பல வருட வெயிலில் அந்தப் பூச்சு தேய்ந்ததும் லென்ஸ் மஞ்சளாகி மங்குகிறது.

இது வெறும் அழகுப் பிரச்னை இல்லை. அமெரிக்க வாகன ஓட்டிகள் அமைப்பான ஏஏஏ 2018-ல் நடத்திய சோதனையில், மங்கிய ஹெட்லைட்டுகள் புதியவை தரும் வெளிச்சத்தில் 22 சதவீதம் மட்டுமே தந்தன. லென்ஸைச் சரிசெய்ததும் அது சுமார் 70 சதவீதமானது. இருட்டில் ரோட்டோரம் நடப்பவர் எவ்வளவு தூரத்தில் நம் கண்ணில் படுவார் என்பதை இந்த வித்தியாசம்தான் முடிவு செய்கிறது.

முதலில் ஒரு டெஸ்ட்

லென்ஸ் மேல தண்ணி ஊத்திப் பாருங்க. ஈரமா இருக்கும்போது மட்டும் தெளிவா தெரிஞ்சா, பிரச்னை வெளிப்பக்கம்தான், வீட்டிலேயே சரிசெய்யலாம். உள்ளே நீர் கோர்த்திருந்தாலோ விரிசல் இருந்தாலோ தேய்த்துப் பயனில்லை. மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

எப்படிச் செய்வது?

1. லென்ஸைச் சோப்புத் தண்ணீரால் கழுவி, சுற்றியுள்ள பெயின்ட்டை மாஸ்கிங் டேப்பால் மறையுங்கள்.

2. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் வாட்டர் பேப்பரை நனைத்து 1000, 2000, 3000 என்ற வரிசையில் தேயுங்கள். பூச்சு திட்டுத்திட்டாக உரிந்திருந்தால் 800-ல் தொடங்கலாம். லென்ஸ் வெள்ளையாகத் தெரியும், பயப்பட வேண்டாம்.

3. பாலிஷ் போட்டுப் பளபளப்பாக்குங்கள்.

4. பாலிஷ் பிசுக்கை ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கிளியர் கோட் அடியுங்கள். தூசு இல்லாத இடத்தில் காயவிடுங்கள்.

பலரும் விட்டுவிடும் நான்காவது படிதான் முக்கியம். டூத்பேஸ்ட்டும் லேசாகத் தேய்க்கும். லென்ஸ் பளிச்சென்றும் ஆகும். ஆனா பாதுகாப்பு இல்லாத பிளாஸ்டிக் திரும்ப வெயில்ல நிக்கும்போது, சீக்கிரமே மறுபடி மஞ்சளாகிடும்.

கொசு விரட்டி ஸ்ப்ரே அடிக்கிற ரீல்ஸை நம்பாதீங்க. அதிலுள்ள டீட் என்ற ரசாயனம் பிளாஸ்டிக்கையே அரிக்கும். அதிக வாட் பல்பும் தீர்வல்ல: மங்கிய லென்ஸ் வெளிச்சத்தைச் சிதறடித்து, எதிரே வருபவர் கண்ணைத்தான் கூசவைக்கும்.