நாக் அவுட் செஸ்: டிரா ஆன பிறகுதான் ஆட்டமே ஆரம்பம்! டை-பிரேக் எப்படி நடக்கிறது?

2023 ஆகஸ்ட் 17. அஜர்பைஜான் தலைநகர் பாகுவில் நடந்த செஸ் உலகக் கோப்பையின் காலிறுதி. சென்னையின் பிரக்ஞானந்தாவும் தெலங்கானாவின் அர்ஜுன் எரிகைசியும் மோதுகிறார்கள். முதல் நாள் அர்ஜுன் வெற்றி, மறுநாள் பிரக்ஞானந்தா பதிலடி. 1-1 என்பதால் மூன்றாம் நாள் டை-பிரேக். அன்று ஒரே நாளில் இருவரும் ஏழு ஆட்டங்கள் ஆடினார்கள்.

நேரலையில் உட்கார்ந்திருந்த நம்ம ஊர் ரசிகர்களில் பலருக்கு, முக்கியமாகப் புதிதாகப் பார்க்க வந்தவர்களுக்கு, ஒரே குழப்பம். 'டிரா ஆகிடுச்சே, ஏன் மறுபடி ஆடுறாங்க? இது எப்பதான் முடியும்?'

டை-பிரேக் என்றால் என்ன?

உலகக் கோப்பை ஒரு நாக் அவுட் தொடர். தோற்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். 2023-ல் ஓபன் பிரிவில் 206 பேர், மொத்தம் 8 சுற்றுகள். ஒவ்வொரு ஜோடியும் முதலில் இரண்டு கிளாசிக்கல் ஆட்டங்கள் ஆட வேண்டும். வெள்ளைக் காய் ஒருமுறை, கருப்பு ஒருமுறை. அதில் சமநிலை என்றால் மறுநாள் நேரத்தைக் குறைத்து மறுபடி ஆடுவார்கள்.

2023-ல் இருந்த விதிப்படி, முதலில் தலா 25 நிமிடம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 10 விநாடி போனஸ் என்ற கணக்கில் இரண்டு ஆட்டங்கள். அதிலும் சமம் என்றால் 10 நிமிடத்தில் இரண்டு, போனஸ் அதே 10 விநாடி. அப்புறம் 5 நிமிடம், 3 விநாடியில் இரண்டு. அப்பவும் தீரவில்லை என்றால் 3 நிமிடம், 2 விநாடியில் ஒற்றை ஆட்டம். யாராவது ஜெயிக்கும் வரை இது தொடரும்.

இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது? சேலத்தில் ஏற்காடு பஸ் ஏறும்போது ஒரு கிளாசிக்கல் ஆட்டம் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி ஏரிக்கரையில் இறங்கி, டீ குடித்து முடித்தாலும் அது ஓடிக்கொண்டிருக்கலாம். 3 நிமிட ஆட்டம் என்றால் சில வளைவுகளுக்குள்ளேயே முடிஞ்சிரும். நடுவில் செல்போன் சிக்னல் போய்விட்டு வந்தால், உங்களுக்கு ரிசல்ட் மட்டும்தான் மிச்சம்.

பட்டையைப் பார்ப்பதா, கடிகாரத்தைப் பார்ப்பதா?

நேரலையில் திரையோரம் கருப்பு வெள்ளையாக ஏறி இறங்கும் பட்டை, கம்ப்யூட்டரின் கணிப்பு. பட்டை ஒரு பக்கம் சாய்ந்ததுமே 'ஜெயிச்சாச்சு' என்று பதிவு போட்டுவிட்டு, அடுத்த நிமிடமே டெலீட் செய்தவர்கள் நிறைய பேர்.

கம்ப்யூட்டர் கண்டுபிடிக்கும் சரியான நகர்த்தலை, கடிகாரத்தில் 15 விநாடி வைத்திருக்கும் மனிதரும் கண்டுபிடிக்க வேண்டுமே! கிளாசிக்கலில் அந்தக் கணிப்பு ஓரளவு நம்பகமானது. ஆட்ட நேரம் குறையக் குறைய, யாரிடம் எத்தனை விநாடி மிச்சம் என்பதுதான் நிஜமான ஸ்கோர்.

அர்ஜுன் இழந்தது என்ன?

பிரக்ஞானந்தா - அர்ஜுன் மோதலில் 25, 10, 5 நிமிடம் என மூன்று கட்டங்களும் சமநிலை. கடைசி 3 நிமிட ஆட்டத்தில் பிரக்ஞானந்தா வென்றார். ஸ்கோர் 5-4. தாய் நாகலட்சுமி பின்னால் நின்று மகனைப் பூரிப்போடு பார்க்கும் புகைப்படம் வைரலானது அந்தத் தொடரில்தான்.

மறுபக்கம் அர்ஜுன். முதல் மூன்று இடம் பிடிப்பவர்களுக்கு, உலக சாம்பியனுக்குச் சவால் விடுபவரைத் தேர்வு செய்யும் கேண்டிடேட்ஸ் தொடரில் இடம் உண்டு. கார்ல்சன் அதில் ஆட விரும்பாததால், நான்காம் இடம் பிடித்த நிஜாத் அபாசோவுக்கும் வாய்ப்பு போனது. அதாவது அந்தக் காலிறுதியைத் தாண்டியிருந்தாலே போதும். வேறு வழிகளிலும் அர்ஜுனுக்கு இடம் கிடைக்கவில்லை. 2024 ஏப்ரலில் டொரண்டோவில் குகேஷ் கேண்டிடேட்ஸை வென்றபோது, களத்தில் பிரக்ஞானந்தா இருந்தார், அர்ஜுன் இல்லை. ஒன்பது ஆட்டங்களின் முடிவில் ஒரே ஒரு புள்ளி வித்தியாசம், அதற்கு இவ்வளவு விலை. நாக் அவுட் முறை நியாயமானதா என்ற கேள்வி எழுவது இதனால்தான். ஆனால் இந்த முறை இல்லாவிட்டால் 18 வயதில் ஒருவர் நகமுரா, கருவானா என வரிசையாக வீழ்த்தி இறுதிப் போட்டிக்குப் போகும் கதையும் நமக்குக் கிடைத்திருக்காது.

இறுதிப் போட்டி ஏன் சீக்கிரம் முடிந்தது?

ஆகஸ்ட் 23 மாலை 4.30-க்கு இறுதிப் போட்டியின் இரண்டாவது ஆட்டம், 6.04-க்கு சந்திரயான்-3 நிலவில் தரையிறக்கம். எதைப் பார்ப்பது என்று தெரியாமல் பலரும் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்த நாள் அது. இரண்டு கிளாசிக்கலும் டிரா. மறுநாள் முதல் 25 நிமிட ஆட்டத்தில் கார்ல்சன் வென்றார், அடுத்தது டிரா. முதல் கட்டத்திலேயே 1.5-0.5 என முடிவு தெரிந்துவிட்டதால் அடுத்த கட்டத்துக்கே போகவில்லை. கார்ல்சனுக்கும் அதுதான் முதல் உலகக் கோப்பை.

2025 நவம்பரில் இதே தொடர் கோவாவில் நடந்தது. அர்ஜுன் மறுபடி காலிறுதி வரை வந்தார். எதிரில் சீனாவின் வெய் யி. கிளாசிக்கல் இரண்டும் டிரா. இந்த முறை 3 நிமிட ஆட்டம் வரைகூடப் போகவில்லை, ரேபிட் கட்டத்திலேயே அர்ஜுன் வெளியேறினார்.