பாப்பாவும் பெரியவளாவாள்

‘பேரன்பு’ படத்தில் பாப்பா டி.வி. திரையில் தெரியும் ஆணின் முகத்துக்கு முத்தம் கொடுப்பாள். அப்பா அமுதவன் அதைப் பார்த்துவிடுவார். ராம் இயக்கி 2019 பிப்ரவரியில் வெளிவந்த படம். மம்மூட்டி அப்பா, சாதனா மகள். மூளை முடக்குவாதம் உள்ள பெண்ணுக்கும் ஆசை வரும் என்று தமிழ் சினிமா இவ்வளவு நேராகச் சொல்லி நான் பார்த்ததில்லை.

கணியம்பாடியில் என் வீட்டிலும் அதே பாதிப்போடு ஒரு மகள் இருக்கிறாள். கம்பெனி பஸ் ஏறிப் போய் ஷூ அப்பர் தைத்துக்கொண்டிருந்தவள் நான். அவள் பெரியவளானதும் வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே மிஷின் போட்டுக்கொண்டேன். அவளால் நடக்க முடியாதது பழகிவிட்டது. மாதத்தில் அந்த நான்கைந்து நாளைப் பார்க்கத்தான் ஆள் தேவைப்பட்டது. நாப்கின் மாற்றப் போனால் அவள் கால்கள் இரண்டும் கத்தரிக்கோலாகப் பின்னிக்கொள்ளும். பிடித்து இழுத்தால் இன்னும் இறுகும். முதலில் முழங்காலை மடக்கி, மெல்ல வயிற்றுப் பக்கம் கொண்டுபோய், பேச்சுக் கொடுத்தபடி காத்திருக்க வேண்டும். தசை தானாகத் தளரும். அப்புறம்தான் மாற்ற முடியும்.

இந்தப் பாதிப்பு, பெரும்பாலும் பிறப்பதற்கு முன்போ பிறந்த சமயத்திலோ, வளரும் மூளையில் ஏற்படும் காயத்தால் வருவது. தசைகளுக்குப் போக வேண்டிய கட்டளை கோணலாகிவிடுகிறது. ஆனால் பருவத்தைக் கொண்டுவரும் ஹார்மோன்கள் கால் நடக்கிறதா என்று பார்த்துச் சுரப்பதில்லை. மார்பு வளரும், மாதவிலக்கு வரும், ஒருவரைப் பார்த்தால் முகம் சிவக்கும். பேச்சு குழறுவதால் புத்தியும் குறைவு என்று முடிவுகட்டிவிடக் கூடாது. என் மகளுக்கு எல்லாம் புரியும்.

அவளுக்குச் சடங்கு வைத்தபோது நாத்தனார் கேட்டாள்: “அண்ணி, இதுக்கெல்லாம் எதுக்குச் சடங்கு? ஆஸ்பத்திரியில சொல்லி கர்ப்பப்பையை எடுத்துட்டா உங்களுக்கும் நிம்மதிதானே?” என் மேல் உள்ள பாசத்தில்தான் கேட்டாள். நாட்டில் நடந்ததும் அதுதான். 1994-ல் புனேயில், அரசுக் காப்பகத்தில் இருந்த மனவளர்ச்சி குன்றிய பெண்களுக்குக் கர்ப்பப்பையை அகற்றினார்கள். மாதவிலக்குச் சுத்தம் என்று காரணம் சொன்னார்கள். நாடெங்கும் பெண்கள் அமைப்புகள் எதிர்த்தன. இன்றைக்கு 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு, அவரவர் அறிந்து கொடுக்கும் சம்மதம் இல்லாமல் மலடாக்கும் சிகிச்சை எதுவும் செய்யக் கூடாது என்கிறது. பிள்ளைப்பேறு, குடும்பக் கட்டுப்பாடு பற்றிய விவரங்கள் அவர்களுக்கும் கிடைக்க வேண்டும் என்பதும் அதே பிரிவுதான். நாத்தனாரிடம் இதைச் சொன்னேன். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

படத்தில் மனைவி விட்டுப்போன பிறகு மகளைத் தனியாகப் பார்க்கிறார் அமுதவன். பெண்பிள்ளையை எதுவரை அப்பா தொடலாம் என்று அவர் திணறுவதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. அவர் பாலியல் தொழில் நடக்கும் இடத்துக்குப் போய் மகளுக்காக ஓர் ஆண் வேண்டும் என்று கேட்டு அறை வாங்கும் காட்சியைப் பலர் அருவருப்பு என்றார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அறைந்தவள் கோபம் நியாயம். ஆனால் கேட்க வேறு இடமே இல்லாமல் ஒரு தகப்பன் அங்கே வந்து நிற்கிறானே, அந்த நிலையைத்தான் படம் காட்டுகிறது.

எனக்குள்ள ஒரே மனக்குறை, கதை முழுக்க அப்பாவின் வாயால் வருகிறது என்பது. பாப்பா என்ன நினைத்தாள் என்று கடைசிவரை அவள் வாயால் நாம் கேட்பதில்லை. ஷோனாலி போஸ் இயக்கி 2015-ல் இங்கே வெளியான ‘மார்கரிட்டா வித் எ ஸ்ட்ரா’ இந்திப் படத்தில் கல்கி கோச்லின் நடித்த லைலாவுக்கும் இதே பாதிப்புதான். சக்கர நாற்காலியில் இருந்தபடியே படிக்கிறாள், பாட்டு எழுதுகிறாள், காதலிக்கிறாள், அம்மாவோடு சண்டை போடுகிறாள். இதே பாதிப்புள்ள தன் உறவுக்காரரான மாலினி சிப்பைப் பார்த்துத்தான் இந்தக் கதை தோன்றியது என்று இயக்குநரே சொல்லியிருக்கிறார். கல்கிக்கும் சரி, சாதனாவுக்கும் சரி, நிஜத்தில் அந்தப் பாதிப்பு கிடையாது. இருவருமே அருமையாக நடித்தார்கள். என்றாலும் பாதிப்பு உள்ள பெண்ணே நடித்து, அவளே தன் கதையைச் சொல்கிற தமிழ்ப் படம் வர வேண்டும்.

இரண்டு படத்தையும் மகளோடு உட்கார்ந்து வீட்டு டி.வி.யில்தான் பார்த்தேன். அவளைத் தூக்கிக்கொண்டு தியேட்டர் படி ஏற என்னால் முடியாது. லைலா முத்தம் கொடுக்கும் இடத்தில் நான் ரிமோட்டைத் தேடினேன். “அம்மா, விடு, பாக்கணும்” என்றாள். விட்டுவிட்டேன். படம் முடிந்ததும் அவள் கேட்ட கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்தவரை பதில் சொன்னேன். தெரியாததை, அடுத்த தடவை போகும்போது டாக்டரம்மாவிடம் அவளே கேட்பதாகச் சொல்லியிருக்கிறாள்.